ஏலத்தில் போன சின்னக் கிட்டார்

1

எங்கள் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் இந்த வருடத்து அறுப்பின் பண்டிகை அறிவிப்பு சென்ற வாரம் வந்தது. கோயில் என்று நான் எழுதுவது கிறிஸ்தவ ஆலயத்தை. காஞ்சிபுரத்தில் கோயில் என்றால் எந்தக் கோயில் என்று கேட்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆராதனை நேரம், பிரசங்கியார் யார், மதியச் சாப்பாட்டுக்கு அரிசி தருகிறவர்கள் யாரிடம் சொல்லவேண்டும் என்பதெல்லாம் வழக்கம்போல இருந்தன. கடைசியில் மட்டும் புதிதாக ஒரு வரி.

"ஏலத்தில் போன பொருளை எக்காரணம் கொண்டும் திரும்பக் கேட்கக் கூடாது. அயல்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் இது பொருந்தும்."

குழுவில் நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் அயல்நாட்டில் இருப்பது நான் ஒருத்திதான். அந்த வரியைத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தது என் சொந்த அக்கா.

பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். மரியாதைக் குறைவாக இருக்கிறதோ என்று அழித்தேன். மூன்றாவது முறை எழுதியது மரியாதையாக இருந்தது, ஆனால் அதில் உண்மை இல்லை, அதையும் அழித்தேன். கடைசியில் எல்லாரையும்போல ஒரு கும்பிடும் கை போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள அந்தக் கும்பிடும் கையே போதும். நடந்தது என்ன என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். இதை அழிப்பதாக இல்லை.

2

என் மகள் ஹன்னாவுக்கு இப்போது ஒன்பது வயது. கிட்டார் வாங்கியபோது ஏழரை. நாங்கள் இருப்பது ஜெர்மனியின் தெற்கே ஒரு சிறிய ஊர். என் கணவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். பி.காம். படித்த நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் அலுவலகத்தில் பாதி நாள் வேலை செய்கிறேன்.

ஊராட்சி நடத்தும் இசைப் பள்ளியில் ஹன்னாவைச் சேர்க்கப் போனோம். இந்த நாட்டில் எதற்கும் படிவம் உண்டு. குழந்தையின் இடது கை வலது கைப் பழக்கம் முதல் குடும்ப மருத்துவர் வரை மூன்று பக்கம் நிரப்பினேன். கடைசியில் கையெழுத்துக்கு இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்றில் நான் போட்டேன். அலுவலகப் பெண் தாளை ஹன்னாவின் பக்கம் திருப்பி அவளிடம் பேனாவை நீட்டினாள்.

"அவள் சின்னப் பெண், நானே போடுகிறேன்" என்றேன்.

"அவள்தானே கற்றுக்கொள்ளப் போகிறாள்?" என்றாள் அந்தப் பெண்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் கோடு போட இவள் யார்? ஹன்னா நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். அதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்பதற்காகவும் கோபம் வந்தது.

அடுத்து கிட்டார். பெரியவர்களின் கிட்டாரைச் சின்னப் பிள்ளை மடியில் வைத்தால் அதன் உடலைத் தாண்டிக் கையைப் போடவேண்டும். தோள் காதுவரை ஏறிவிடும். அப்படியே பழகினால் முதுகு வலிக்கும், பிறகு வாசிப்பதையே விட்டுவிடுவார்கள் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். சின்ன உடல் உள்ளதாகப் பாருங்கள், விலை அதிகம் வேண்டாம் என்றார். இரண்டு வாரம் இணையத்தில் வீடியோக்கள் பார்த்தேன். எதையும் வாங்குவதற்கு முன் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படிப்பது என் வழக்கம். பேசவேண்டிய வாக்கியங்களையும் தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு ஹன்னாவோடு கடைக்குப் போனேன்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பதற்றத்தில் உடல் என்பதற்குப் பதில் வயிறு என்று சொல்லிவிட்டேன். சின்ன வயிற்றுக் கிட்டார் வேண்டும் என்று கேட்ட பெண்ணைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார். அதற்குப் பிறகு என்னிடம் செவிடருக்குச் சொல்வதுபோல மெதுவாகவும் உரக்கவும் பேசினார். நேராக என்னைக் கூட்டிக்கொண்டு போய் இளஞ்சிவப்பு நிறத்தில் பொம்மைக் கிட்டார்கள் தொங்கும் இடத்தில் நிறுத்தினார். எவ்வளவுக்கு வேண்டும் என்று கேட்காமலேயே என் சட்டையைப் பார்த்து விலையை முடிவு செய்துவிட்டார். நானும் தலையாட்டினேன். அதுதான் எனக்கு இன்றும் எரிகிறது. இரண்டு வாரம் படித்தவள், அந்தப் பொம்மையைக் கையில் வாங்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

ஹன்னா எங்களோடு இல்லை. சுவரில் தாழ மாட்டியிருந்த ஒரு பழுப்புக் கிட்டாரின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முறத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிய உடல், ஒடுங்கிய இடுப்பு, இரும்புத் தந்திகள். யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. மேல்பலகை ஒட்டுப்பலகை என்பதால் விலை எங்களுக்கு எட்டியது.

"இரும்புத் தந்தி குழந்தைக்கு வலிக்கும். நைலான் வாங்குங்கள்" என்றார் கடைக்காரர்.

ஹன்னா அதை மடியில் வைத்துத் தந்தியை அழுத்தினாள். விரல் நுனியில் சிவப்பாகக் கோடு விழுந்தது. அதை என்னிடம் காட்டினாள். "வலிக்கிறது. ஆனால் இதுதான் வேண்டும்."

அவள் தோள் ஏறவில்லை. அப்போதுதான் எனக்கு நான் படித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. கிட்டாரைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தி எங்காவது கரகரக்கிறதா என்று கேட்டேன். தந்திகள் உயரமாக நிற்கின்றன, இறக்கித் தரமுடியுமா என்று கேட்டேன். கடைக்காரரின் குரல் சட்டென்று சாதாரணக் குரல் ஆனது. இறக்கித் தந்தார். அவர்மீது எனக்கிருந்த கோபம் மட்டும் இறங்கவில்லை.

3

ஹன்னாவுக்கு நான் பேசுகிற தமிழ் புரியும். பதில் மட்டும் ஜெர்மனில் வரும். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் அந்த மொழியில் ஆமாம் என்பாள். வீட்டுப் பொருள்களிலெல்லாம் தமிழ்ப் பெயர் எழுதி ஒட்டினேன். மாதம் ஒன்றானதும் கதவு, ஜன்னல், அலமாரி எல்லாம் தமிழ் படித்திருந்தன, அவள் படிக்கவில்லை. திட்டினேன். திட்டியதற்காக வருந்தினேன். வருந்தியதால் மறுநாள் இன்னும் அதிகமாகத் திட்டினேன்.

ஒருநாள் கிட்டார் ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளையும் வீட்டிலிருந்து ஒரு பாட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஹன்னா என்னிடம் கேட்டாள். எனக்குத் தோன்றியது ஒரு கீர்த்தனைதான். என் அப்பா காஞ்சிபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே சுற்று எண்ணிக்கை தவறாமல் அதைப் பாடுவார். கிட்டாரில் அது மூன்று கார்டுகளில், மூன்று விரல்பிடிகளில், அடங்கிவிட்டது. ஹன்னா அதைப் பாடினாள். 'ழ' அவளுக்கு வரவில்லை, ஆனாலும் பாடினாள். பாடி முடித்துவிட்டு, கிட்டாரை மடியிலிருந்து எடுக்காமலே, "கிருபைன்னா என்னம்மா?" என்று கேட்டாள். தமிழில். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அதன் பிறகு அது பழக்கமானது. கிட்டார் மடியில் இருந்தால் தமிழ் வரும், கீழே வைத்தால் போய்விடும். எப்படி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது.

கீழ்வீட்டுக்காரர் எங்கள் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை அமைதி நேரம் என்று எழுதியிருந்தது. ஹன்னா வாசித்தது மூன்றே காலுக்கு. அதை நான் போய்ச் சொல்லவில்லை. ஒரு துண்டை எடுத்து மடித்துக் கிட்டாரின் வாய்க்குள் திணித்தேன். ஹன்னா அதை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். வெளியே யார் எது சொன்னாலும் நான் முதலில் வாயை அடைப்பது என் பிள்ளையைத்தான். இதை ஒரு பெருமையாக, பொறுப்பாக நினைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

4

சென்ற வருடம் இலையுதிர்கால விடுமுறையில் நானும் ஹன்னாவும் ஊருக்குப் போனோம். கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. கிட்டார் இல்லாமல் வரமாட்டேன் என்றாள் ஹன்னா. விமான நிலையத்தில் அதைச் சரக்கில் போடச் சொன்னார்கள். சின்ன உடல் என்பதால் விமானத்தில் தலைக்கு மேலுள்ள சாமான் பெட்டியில் அடங்கும் என்று நான் வைத்துக் காட்டவேண்டியிருந்தது.

காஞ்சிபுரத்தில் என் அக்கா கிரேஸ் இருக்கிறாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். அரசு அலுவலகத்தில் எழுத்தர். அப்பா அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அவள்தான். திருமணம் செய்துகொள்ளவில்லை. கோயில்தான் அவள் குடும்பம். மாதர் சங்கத்துக்குச் செயலாளர், குழுவின் அறிவிப்புகளைத் தட்டச்சு செய்கிறவள், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுநாள் பள்ளியின் ஆசிரியை எல்லாம் அவளே.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்ற பிறகு அக்கா பேச்சை ஆரம்பித்தாள்.

"நாளைக்கு அறுப்பின் பண்டிகை. உன் பொண்ணு ஏழு வாரம் முன்னாடியே பொறந்து கண்ணாடிப் பொட்டியில கெடந்துச்சே, அப்ப நான் பொருத்தனை பண்ணிக்கினேன். புள்ள பொழைச்சி நம்ம ஊருக்கு வந்தா, அது கையில இருக்கிற பொருளையே சாமிக்கு வைக்கிறேன்னு. ரெண்டு தடவ வந்தீங்க, ரெண்டு தடவையும் பண்டிகை முடிஞ்சி வந்தீங்க. இப்பத்தான் கூடி வந்துக்குது."

"என்னக்கா வைக்கணும்?"

"கித்தாரு."

"வேற எதாவது வைக்கலாம்க்கா. ஒரு பட்டுத்துணி வாங்கிட்டு வரலாம்."

"கடையில வாங்கியாந்து வச்சா அது காணிக்கையாடி? எது புள்ளைக்கு உசுரோ அத வைக்கணும்."

"ஏலத்துல போயிடுமேக்கா."

"எங்க போவும்? வூட்டுக்காரங்க கை தூக்கினா யாரும் மேல கேக்க மாட்டாங்கோ. எஸ்தர் அக்கா போன வருசம் தையல் மெஷின வச்சிட்டு, அதையே எடுத்துக்கினு வூட்டுக்குப் போவல? ஜெர்மனிக்குப் போயி இதுகூட மறந்துட்டியா?"

மறக்கவில்லை. எங்கள் சபையில் நிலம் உள்ளவர்கள் குறைவு. எங்கள் தாத்தாக்கள் அடுத்தவர் நிலத்தில் அறுத்தவர்கள். அறுப்பின் பண்டிகைக்கு வைக்கச் சொந்தமாக ஒரு பிடி நெல் இல்லாதவர்கள், தாங்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்களோ அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா ஒவ்வொரு வருடமும் காயில் மாற்றிய ஒரு மேசை விசிறி வைப்பார். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம். பிழைப்புக்கு வேண்டிய பொருளை வைத்தவர்கள் ஒரு தொகை சொல்லித் தாங்களே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தொகை கோயிலுக்கு, பொருள் வீட்டுக்கு. மேலே கேட்காமல் இருப்பது மற்றவர்களின் மரியாதை.

கண்ணாடிப் பெட்டியில் பிள்ளை கிடந்த நாள்களில் அக்கா சாப்பிடாமல் இருந்தது எனக்குத் தெரியும். அந்த நன்றிக்கு முன்னால் என் பேச்சு எடுபடாது. சரி என்றேன். பிறகு ஹன்னாவிடம் போய், "நாளைக்கு உன் கிட்டாரைக் கோயில்ல வச்சு ஜெபம் பண்ணித் தருவாங்க" என்றேன். ஏலம் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கேட்டால் மாட்டேன் என்பாள் என்பதுதான் காரணம்.

5

கோயில் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஜான்சன் அண்ணன் மைக் பிடித்திருந்தார். வருடத்தில் மற்ற நாளெல்லாம் எலக்ட்ரீஷியன், அன்று ஒருநாள் ராஜா.

"இந்தச் சேவலப் பாருங்க! காலையில நாலு மணிக்கு டாண்ணு கூவும். கம்பெனி வேலைக்குப் போறவங்களுக்கு அலாரமே வாணாம்!"

"ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸு மூணே முக்காலுக்கே வந்துடுதுண்ணா!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"அப்ப நீ சேவல எழுப்பி உட்டுட்டுப் போ தாயி!"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். பூசணிக்காய், அரிசி மூட்டை, வாழைத்தார், ரவிக்கைத் துணி எல்லாம் போயின. பிறகு ஜான்சன் அண்ணன் கிட்டாரைத் தூக்கி ஆறு தந்திகளையும் ஒரே இழுப்பாக இழுத்தார். என் பக்கத்தில் ஹன்னா பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லாருக்கும் காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஜெர்மனி கித்தாரு! நம்ம கிரேஸ் டீச்சர் தங்கச்சி பொண்ணு வச்ச காணிக்கை. வூட்டுக்காரங்க இன்னா சொல்றீங்க?"

அந்த நேரத்தில் எனக்கு வந்த யோசனை இதுதான்: குறைவாகச் சொன்னால் வெளிநாட்டிலிருந்து வந்தும் கஞ்சம் என்பார்கள், அதிகமாகச் சொன்னால் பவிசு காட்டுகிறாள் என்பார்கள். அக்கா முழங்கையில் கிள்ளினாள். "ரெண்டாயிரம்" என்றேன்.

"ஜெர்மனிலேர்ந்து வந்துட்டு ரெண்டாயிரமா? கோயிலுக்குக் கூரை மாத்தணும்மா. அஞ்சாயிரம்!"

முன்வரிசையில் தேவராஜ் ஐயா. கமிட்டியில் பெரிய மனிதர். தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் விடுகிறவர். பந்தலே சிரித்தது. நான் ஆறு என்றேன். அவர் பத்து என்றார். நான் பன்னிரண்டு. அவர் பதினைந்து.

"யூரோல கேளும்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்!" என்றார் ஐயா. மறுபடி சிரிப்பு.

"புள்ள பொருள்பா, உட்டுடுங்க" என்று எஸ்தர் அக்காவின் குரல் கேட்டது.

"யாருக்குப் போவுது? கோயிலுக்குத்தானே போவுது" என்றது இன்னொரு குரல்.

எஸ்தர் அக்காவின் தையல் மெஷினுக்கு மேலே இவர் கேட்டாரா? கேட்கவில்லை. அவள் ஊர்க்காரி. எனக்கு வழக்கம் பொருந்தாது. கறவை மாடு நான். அந்தப் பணம் என்னிடம் இருந்தது. அதற்கு மேலும் இருந்தது. ஆனால் இவருக்கு இந்தக் கிட்டாரால் என்ன பயன்? எடுத்துக்கொண்டு முழிக்கட்டும். எல்லாருக்கும் முன்னால் அசிங்கப்படட்டும். அப்படி நினைத்துக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"இன்னாடி, தறியில பாவு சிக்கிக்கினா மாதிரி ஒக்காந்துக்கினு இருக்க? கேளுடி!" அக்கா என் கையைப் பிடித்துத் தூக்கினாள். நான் உதறினேன்.

"மூணு தரம்!"

கைதட்டினார்கள். கிட்டார் முன்வரிசைக்குப் போனது. ஹன்னாவும் முதலில் தட்டினாள். பிறகு அது திரும்பி வரவில்லை என்று பார்த்தாள். ஐயா அதைத் தன் டிரைவரிடம் கொடுத்தனுப்புவதைப் பார்த்தாள். என்னிடம் திரும்பினாள். அழவில்லை. ஜெர்மனில் கேட்டாள்: "நீ ஏன் நிறுத்தினாய்?"

ஒரு வருடமாகிறது. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தேவராஜ் ஐயாமேல் எனக்குள்ள கோபம் நியாயமானது. ஆனால் கையை இறக்கியது அவர் இல்லை.

6

"ஐயா வெளையாட்டுக்குக் கேட்டாரு. சாயங்காலம் குடுத்தனுப்புவாரு, பாரேன்" என்றாள் அக்கா. ஞாயிறு சாயங்காலம் வரவில்லை. திங்கள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை, "நாமளே போய்க் கேட்டா மரியாத இல்லடி" என்றாள். வியாழக்கிழமை எங்களுக்கு விமானம். ஹன்னா ஞாயிறிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் பேசவில்லை. அக்கா பெரியம்மா என்ற முறையில் கொஞ்சப் போனால் எழுந்து போய்விட்டாள். புதன்கிழமை காலையில் ஐயா ஏலத்தில் சொன்ன பணத்தை ஒரு கவரில் வைத்து எடுத்துக்கொண்டேன். நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று அக்காவிடம் சொன்னேன். அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். மூவரும் போனோம்.

ஐயா வீட்டுக் கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஷோகேஸ். கோப்பைகள், பொம்மைகள், கேடயங்களுக்கு நடுவே ஹன்னாவின் கிட்டார் நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் சரிகை மாலை போட்டிருந்தார்கள்.

ஐயாவின் மனைவி முறுக்கும் கலர் சோடாவும் கொண்டுவந்து வைத்தார். அன்பாகத்தான் பேசினார். கவரை நீட்டி நான் விஷயத்தைச் சொன்னதும் ஐயா அதைத் தொடவில்லை.

"இன்னாமா இது, வியாபாரமா? கோயில் ஏலத்துல எடுத்தது வூட்டுக்கு ஆசீர்வாதம். திருப்பிக் குடுத்தா ஆவாதும்மா. நீ அங்க போயி பத்து வாங்கிக்கலாம்."

"குழந்தை பழகினதுங்கய்யா அது."

"அதுக்கோசரம்தானே காணிக்கை. கிரேஸு, நீ சொல்லக் கூடாதா? ஓய்வுநாள் பள்ளில புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவ நீ."

அக்கா தரையைப் பார்த்தாள். "சொன்னேங்கய்யா" என்றாள்.

அவர் பெரியவர். அக்கா இந்த ஊரில் இருக்கவேண்டியவள். நான் நாளைக்குப் போய்விடுவேன். கவரை மடியில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன சொல்வது என்று வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். ஹன்னா எழுந்து ஷோகேஸ் பக்கம் போனாள். கண்ணாடியில் விரலை வைத்தாள்.

"தாத்தா, இது என்னுது."

தமிழில்தான் சொன்னாள்.

"உன்னுதுதான் கண்ணு. யாரு இல்லன்னது? நீதான் சாமிக்குக் குடுத்துட்ட" என்றார் ஐயா, சிரித்துக்கொண்டே.

"நான் குடுக்கல."

"இன்னாமா?"

"நான் குடுக்கல. பெரியம்மா குடுத்தாங்க. அம்மா குடுத்தாங்க. என்ன யாரும் கேக்கல."

ஐயாவின் மனைவி, "அது சரிதானே" என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். ஐயா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"சின்னப் புள்ளைக்கு இன்னா தெரியும்" என்று ஐயா ஆரம்பித்தார்.

நான் எழுந்து போய் ஷோகேஸைத் திறந்தேன். சாவி கதவிலேயே இருந்தது. மாலையைக் கழற்றிக் கேடயத்தின்மேல் வைத்தேன். கிட்டாரை எடுத்து ஹன்னாவிடம் கொடுத்தேன். கவரைக் கலர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். கவரின் முனை பட்டுப் பாட்டில் சாய்ந்து மேசையெல்லாம் ஆரஞ்சு நிறமாக ஓடியது. அதைத் துடைக்கத் துணி கேட்கலாமா என்று அப்போதுகூட ஒரு கணம் நின்றேன்.

"ஏலத்த முறிக்கிறியா நீ? உங்கப்பன் இருந்திருந்தா இப்பிடி செய்வானா?" என்று கத்தினார் ஐயா.

"அப்பா வச்ச ஃபேனுக்கு மேல நீங்க ஒரு வருஷமும் கேட்டதில்லீங்கய்யா" என்றேன். அது அவருக்குப் பதிலே இல்லை என்று ஆட்டோ ஏறிய பிறகு தோன்றியது. சரியான பதில்கள் எனக்கு எப்போதும் ஆட்டோவில்தான் வரும்.

7

வீட்டுக்குத் திரும்பும் வழியில், திருப்பருத்திக்குன்றம் போகும் சாலை பிரியும் இடத்தில் ஆட்டோ நின்றபோது அக்கா சொன்னாள்: "நீ நாளைக்கு ஏரோப்ளேன் ஏறிடுவ. நான் எந்த மூஞ்ச வச்சிக்கினு ஞாயித்துக்கெழம போவேன்?" ஓய்வுநாள் பள்ளி வகுப்பை அந்த மாதமே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்கா இதை என்னிடம் சொல்லவில்லை. எஸ்தர் அக்கா சொல்லித்தான் தெரியும்.

அறிவிப்பு வந்த மறுநாள் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அந்த வரிய நீயாக்கா அடிச்ச?"

"கமிட்டில எழுதிக் குடுத்தாங்கோ, அடிச்சேன். நான்தானே அடிக்கிறேன் எப்பவும்."

"என்னைப் பத்தின வரிக்கா அது."

"ஒம் பேரயும் ஊரயும் போட்டுத்தான் எழுதிக் குடுத்தாங்கோ. நான்தான் அயல்நாடுன்னு மாத்தினேன். அதுக்கே எவ்ளோ பேச்சு கேட்டேன் தெரியுமா? நீ கும்பிடு போட்டுட்டு ஒதுங்கிட்ட. எனக்கு அந்த வழியும் இல்ல."

திட்டவேண்டும் என்று கூப்பிட்டவள், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். எனக்குக் கோபம் குறையவில்லை. ஒரு பிள்ளையின் பொருளை வைத்து விளையாடிவிட்டு அதைப் பக்தி என்று எழுதிவைக்கிறவர்கள்மீது, அதைத் தட்டச்சு செய்து தரும்படி ஆகிவிட்ட அக்காமீது, அவளை அங்கே விட்டுவிட்டு வந்த என்மீது கோபம்தான். பொருத்தனை தப்பு என்று நான் சொல்லவில்லை. யாருடையதை யார் வைப்பது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

அன்று ஆட்டோவில் ஹன்னா எங்கள் இருவருக்கும் நடுவில் கிட்டாரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடு வந்தது. இறங்கும்போது தடுக்கிவிடுவாளே என்று, கிட்டாரை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் அதை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, ஒரு கையால் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துத் தானே இறங்கினாள்.

இங்கே வந்த பிறகு வாசிக்கிறாள், பாடுகிறாள். தமிழும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, அக்காவோடு பேசுகிற அளவுக்கு இன்னும் இல்லை. வாசித்து முடித்ததும் கிட்டாரைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிடுகிறாள். சனிக்கிழமை வீடு துடைக்கும்போது நான் அந்தக் கதவைத் தட்டி, "கிட்டாரைத் துடைக்கட்டுமா?" என்று கேட்கிறேன். சில வாரம் சரி என்கிறாள். சில வாரம் வேண்டாம் என்கிறாள். வேண்டாம் என்றால் துணியை மடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறேன்.